தூக்க டூட்டி

சாரங் மீரானும் ஃபிட்டர் தணிகாசலமும் சேர்ந்து நடந்து போனதுதான் ஜெனோவா மச்சாடோவின் கண்ணில் முதலில் பட்டது. விழித்திருக்கும்போது அந்த இருவரும் ஒரே மேசையில் சாப்பிட உட்காரமாட்டார்கள். போன பயணத்தில் கயிறு அறுந்து தணிகாசலத்தின் விரல் ஒன்று போயிருந்தது. டெக் ஆட்களுக்குத் தலைவரான சாரங் நேரத்தோடு குரல் கொடுத்திருந்தால் போயிருக்காது என்பது அவன் கட்சி. நான் கத்தினேன், காற்றில் கேட்கவில்லை என்பது மீரானின் கட்சி. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

இப்போது நடு மத்தியானம். வெயில் இரும்புத் தளத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் பட்டை, திறந்த கண்கள், ஒரே சீரான நடை. சரக்கறை மூடிகளில் துருத் தட்ட வேண்டியவர்கள், சுத்தியல்களை ஓரமாக வைத்துவிட்டுக் கப்பலின் பின்பக்கம் போனார்கள்.

சுக்கான் அறையில் தனியாகக் காவலில் இருந்த ஜெனோவா பின்பக்கக் கேமராவைத் திரையில் போட்டுப் பார்த்தாள். அங்கே உயிர்காப்புப் படகு சரிவான தண்டவாளத்தில் மூக்கைக் கடலுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஏறி, வாரைக் கட்டிக்கொண்டு, நெம்புகோலை இழுத்தால் கப்பலின் பின்னால் அப்படியே தண்ணீரில் போய் விழுகிற வகைப் படகு. மீரான் அதன் கொக்கிக்குக் கிரீஸ் போட்டான். தணிகாசலம் தண்ணீர் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவன் உள்ளே அடுக்கினான். ஒருவன் கை நீட்டுவதற்குள் மற்றவன் பொருளை எடுத்து வைத்திருந்தான். அப்படி ஒரு ஒற்றுமை.

அன்றைய வேலையில் அது இல்லை. ஜெனோவாவுக்குத் தெரியும். தூக்க டூட்டிக்கு வேலை பிரித்துக் கொடுப்பவளே அவள்தான்.

எம்.வி. நீலமேகலை போன்ற ஒரு கப்பலுக்கு முன்பெல்லாம் இருபது பேர் வேண்டும். இப்போது எட்டுப் பேர். கேப்டன் சிவசைலம், அவர் ‘செகண்ட்’ என்று கூப்பிடும் இரண்டாம் அதிகாரி ஜெனோவா, எஞ்சினியர் எட்வின், சாரங், ஃபிட்டர், சமையல்காரர், இரண்டு மாலுமிகள். மிச்ச ஆட்களின் வேலையைப் பட்டைகள் பார்த்துக்கொண்டன. பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தால் மனம் உடனே ஆழ்ந்து தூங்கிவிடும். உடம்பு மட்டும் எழுந்து துருத் தட்டும், பெயின்ட் அடிக்கும், கழுவும். விழிக்கும்போது எதுவும் நினைவிருக்காது. கை கொஞ்சம் வலிக்கும். கப்பலுக்குப் பட்டைகளைக் கொண்டுவந்த தொழில்நுட்பக்காரர் ஜெனோவாவிடம் சொன்னது இதுதான்:

“களைச்சுப்போறது மனசுதான் மேடம். உடம்புக்கு அவ்வளவு தூக்கம் தேவையில்ல. ஒருத்தர் பட்டை இன்னொருத்தர் பட்டையோட பேசிக்கும், அதனால ரெண்டு பேர் சேர்ந்து பாரம் தூக்கலாம். வேலை நடுவுல மட்டும் தட்டி எழுப்பாதீங்க. எங்க நிக்கிறோம்னு தெரியாம மிரண்டுடுவாங்க.”

ஒப்பந்தக் காலம் பாதியாகக் குறையும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றதும் எல்லோரும் சம்மதித்தார்கள். எட்வின் மட்டும் கட்டமாட்டேன் என்றுவிட்டார். எஞ்சின் அறையில் விழித்திருக்கும் ஆள் ஒருவர் எப்போதும் வேண்டும் என்பதால் கம்பெனியும் வற்புறுத்தவில்லை. ஜெனோவாவும் கட்டவில்லை. தூங்குகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவளுடையது.

அன்று சாயங்காலம் மீரான் விழித்ததும் அவனைக் கூப்பிட்டுக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். காயல்பட்டினத்துக்காரன், வயதில் மூத்தவன். அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் அவள் அவனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். திரையில் தன்னையே பார்த்த மீரான், தணிகாசலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்குகிற இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தான். கிரீஸ் வாடை போகவில்லை.

“அது நான் இல்ல மேடம்,” என்றான். “என் உடம்புல வேற யாரோ.”

கேப்டன் சிவசைலம் காட்சியைப் பார்த்துவிட்டு, பட்டைகளின் நிரலில் ஏதோ கோளாறு என்றார். தென்காசிப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்திப் பேசி ஜெனோவா கேட்டதில்லை. அவரே கம்பெனிக்குப் பேசினார். பட்டைகளை நிறுத்தினால் பயணம் தாமதமாகும், நிறுத்த வேண்டாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பாத்துக்கிடுவோம் செகண்ட் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கேப்டன் எழுந்து போனார்.

மறுநாள் நடந்ததுதான் அவளை உலுக்கியது.

சாரங், ஃபிட்டர், சமையல்காரர், இரண்டு மாலுமிகள் என ஐந்து பேரும் தளத்தில் தூக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காற்று கொஞ்சம் பலமாக வீசியது. கப்பல் பக்கவாட்டில் மெதுவாக ஆடிக்கொண்டு போனது. திடீரென்று ஐந்து சுத்தியல்களும் ஒன்றாக நின்றன. ஐந்து தலைகளும் இடப்பக்கம் திரும்பின. கப்பல் இடது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, வலது பக்கம் சாய்ந்தது. தலைகள் அசையவில்லை. மறுபடி இடது பக்கம் சாய்ந்தபோது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரு காலை அகட்டி வைத்துக்கொண்டார்கள், எதற்கோ தயாராவதுபோல. யாரையும் பார்க்காத அந்தக் கண்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு சுத்தியல்களைக் கீழே வைத்துவிட்டு வரிசையாகப் படகை நோக்கி நடந்தார்கள்.

ஜெனோவா சாய்வுமானியைப் பார்த்தாள். எதுவும் அசாதாரணமாக இல்லை. தரையில் காலை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தாள். அவளுக்கு எதுவும் புரிபடவில்லை. புரியாததே பயமாக இருந்தது.

கீழே எஞ்சின் அறைக்கு இன்டர்காமில் பேசினாள். எட்வின் ஞானதுரை நாகர்கோவில்காரர், இரண்டு பெண்களுக்கு அப்பா. அவளையும் மக்ளே என்றுதான் கூப்பிடுவார். தூங்குறவனுங்களப் பாத்தா எனக்கு ஆகாது என்று முதல் நாளே சொன்னவர். அவள் விவரித்ததைக் கேட்டுவிட்டு, கப்பல் நல்லா இருக்கு, ஆளுங்கதான் கெட்டுப் போயிட்டானுங்க, அந்தப் பட்டையைப் பிடுங்கிக் கடல்ல போடு என்றார்.

அவளுக்கு ஞாபகம் சரக்கின்மேல் போனது. இந்தோனேசியத் தீவு ஒன்றில் ஏற்றிய நிக்கல் தாதுமண். ஏற்றிய நாட்களில் விடாமல் மழை. படகுகளில் திறந்து கிடந்த சிவப்பு மண்ணை அப்படியே வாரிப் போட்டார்கள். ஈரம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று கரையிலிருந்து சான்று வந்தது, கேப்டன் ஏற்றுக்கொண்டார்.

அவள் அதைப்பற்றி நேராகவே கேட்டாள். சரக்கறை மூடியைக் கொஞ்சம் திறந்து மண்ணைப் பார்த்துவிடலாமா என்றாள்.

“இந்தக் கடல்ல மூடியத் திறந்தா தண்ணி உள்ள போகும்,” என்றார் கேப்டன்.

“சார், ஈரமண்ணு ஆட ஆடக் கூழாயிடும்னு படிச்சிருக்கோம். கூழாகி ஒரு பக்கம் ஓடிட்டா கப்பல் திரும்ப நிமிராது. அதைத்தான் அவங்க உடம்பு...”

“தூங்குறவன் உடம்புக்கு என்ன தெரியும் செகண்ட்?” குரல் உயரவில்லை. “சான்று இருக்கு. சாய்வு இல்ல. எதை வச்சு நான் கப்பலத் திருப்ப? அஞ்சு பேரு தூக்கத்துல நடந்தாங்கன்னு சொல்லவா?”

அவள் காவலுக்குத் திரும்பினாள்.

அன்றே எல்லாப் பட்டைகளையும் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். தன்னுடையதையும் கழற்றி உள்ளே போட்டார். வேலைக்காக இல்ல, தூக்கமே வர மாட்டேங்குது, அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அது உண்மையென்று தெரிந்தது. அவளும் அவரும் மட்டுமே மாறி மாறிக் காவல் பார்த்து வந்தார்கள்.

பட்டை போன பிறகு எல்லோரும் விழித்தே வேலை செய்தார்கள். களைத்துப் போய் மத்தியானத்தில் படுத்தார்கள். படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே வந்தார்கள். நெற்றியில் எதுவும் இல்லை. பட்டையின் தடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. முதலில் சமையல்காரர், பின்னால் மற்றவர்கள். நேராகப் படகுக்குப் போனார்கள்.

அப்படியென்றால் பட்டைகள் பேசிக்கொள்ளவில்லை. இவர்களுக்குச் சொல்வது வேறு ஏதோ என்று ஜெனோவா நினைத்துக்கொண்டாள். 

அதற்குப் பிறகு ஆட்களுக்குத் தூங்கவே பயம் வந்துவிட்டது. ஒரு மாலுமி தன் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தான். எழுந்தபோது மணிக்கட்டெல்லாம் தோல் உரிந்திருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. நீ விழிச்சிருக்கியா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். முதலில் வேடிக்கையாகத்தான் கேட்டார்கள். அப்புறம் வேடிக்கை போய்விட்டது. மீரானும் தணிகாசலமும் எதிரெதிரே வந்தால் இருவரும் நின்றுவிடுவார்கள், கண்ணாடியில் வேறு ஆளைப் பார்த்தவர்கள் மாதிரி.

தணிகாசலம் ஜெனோவாவைத் தேடிக்கொண்டு வந்தான். எண்ணூர்க்காரன், யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன்.

“மேடம், நான் பட்துக்கினதும் வெளில இருந்து பூட்டிடுங்க. தூக்கத்துல அந்தப் படகை இழுத்து வுட்டுட்டு நான் மட்டும் கடல்ல போய் நின்னா இன்னா பண்றது? எனக்கு என்னியே நம்ப முடியல.”

உள்ளே ஆளை வைத்துப் பூட்டுவது கூடாது, தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அவள் கேப்டனிடம் வாதாடினாள். கேப்டன் பூட்டத்தான் சொன்னார். எல்லா அறைக்கும் பொதுவான சாவி அவரிடம் இருந்தது.

அடுத்த நாள் அவள் ஆட்களின் அறைகள் இருந்த நடைவழியில் நடந்து போனாள். பூட்டிய ஐந்து கதவுகள். யாரும் தட்டவில்லை, கூப்பிடவில்லை. கப்பல் இடது பக்கம் சாய்ந்தபோது மட்டும் ஐந்து கதவுகளிலும் உள்ளிருந்து கை தடவும் சத்தம் கேட்டது. உள்ளங்கைகள் கதவின்மேல் பரவி, அழுத்தி, பிறகு கப்பல் நிமிர்ந்ததும் விலகின. மறுபடி சாய்ந்தது. மறுபடி அந்தக் கைகள். அவள் ஓடாமல் நடந்து வெளியே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் தானாக மாதாவே மாதாவே என்றது.

மறுநாள் மத்தியானக் காவல் அவளுடையது. கடல் முந்தைய நாளைவிட அமைதியாகத்தான் இருந்தது. சாப்பிட்டதும் படுக்கிறேன், ஏதாவது என்றால் எழுப்பு என்று கேப்டன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் திசையைச் சரிபார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது, கீழ்த்தள நடைவழியில் யாரோ போவது தெரிந்தது.

கேப்டன் சிவசைலம். பனியனும் கைலியுமாக, செருப்பில்லாமல். கையில் சாவி. முதல் கதவைத் திறந்தார். மீரான் வெளியே வந்து அவருக்குப் பின்னால் நின்றான். இரண்டாம் கதவைத் திறந்தார். அவசரமில்லை, தயக்கமும் இல்லை. ஐந்து பேரும் வந்ததும் ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து எண்ணினார். பிறகு முன்னால் நடந்தார்.

அந்த நடையை அவளுக்குத் தெரியும். சீரான, தூங்குகிறவர்களின் நடை.

 அபாயமணியின் சிவப்புப் பொத்தான் பக்கத்தில் இருந்தது. அதை அழுத்தினால் எல்லோரும் விழிப்பார்கள். கேப்டனும் விழிப்பார். விழித்தால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். எல்லாரையும் திரும்ப அறைக்குள் போகச் சொல்வார். அவளும் அதைத்தானே நேற்றுவரை செய்தாள்.

விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் கப்பல் இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, அப்படியே கொஞ்சம் நின்றது. பிறகு, மனமில்லாமல் எழுந்திருக்கிற ஆள்போல நிமிர்ந்தது. முதல் தடவையாக அவளுக்கு அது உடம்பில் தெரிந்தது. அடிவயிற்றில் தெரிந்தது.

விரலை எடுத்துவிட்டாள்.

இன்டர்காமில் எட்வினைக் கூப்பிட்டு, எஞ்சினைக் குறைத்துவிட்டு உடனே படகுக்கு வரச் சொன்னாள். யார் உத்தரவு என்று கேட்டார். கேப்டன் எல்லோரையும் படகில் ஏற்றுகிறார் என்றாள்.

“அவர்கிட்ட ஃபோனக் குடு.”

“அவரால பேச முடியாது சார்,” என்றாள். அதிலேயே எட்வினுக்குப் புரிந்துவிட்டது.

“அவரும் தூங்குறாரா?”

“சார், கப்பல் இடது பக்கம் சாஞ்சு நிக்குது. எனக்கே தெரியுது. வாங்க சார்.”

“மக்ளே, இங்க ஒண்ணும் தெரியல. பம்பு ஓடுது, எஞ்சின் ஓடுது. நீ பயந்து போயிருக்க. உனக்காக எஞ்சினக் குறைக்கேன். ஆனா தூங்குறவன் பின்னால கடல்ல குதிக்க நான் வரமாட்டேன். கேப்டன் வாயால ஒரு வார்த்தை வரட்டும், அடுத்த நிமிஷம் வாறேன்.”

ஒரு வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் ஓடினாள். எல்லோரும் படகுக்குள் இருக்கைகளில் வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலத்தின் வாரை மீரான் இழுத்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தான். கேப்டன் படகோட்டியின் இருக்கையில், நெம்புகோலில் கை வைத்தபடி, கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு இருக்கை காலி. ஒன்றல்ல, இரண்டு.

வாக்கிடாக்கியை அவர் வாயருகே பிடித்தாள். சார், எட்வின் சாரை வரச் சொல்லுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க சார் என்று மெல்லிய குரலில் கெஞ்சினாள். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தூங்குகிறவர்கள் பேசுவதில்லை.

தோளைப் பிடித்து உலுக்கலாம். உலுக்கினால் எட்வினிடம் பேசுவார். ஆனால் என்ன பேசுவார்? அவள் கை தோள்வரை போய் நின்றது. காலடியில் படகு மறுபடி இடது பக்கம் சாய்ந்தது. முன்னைவிட அதிக நேரம் அப்படியே நின்றது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். கதவை மூடி, காலி இருக்கையில் உட்கார்ந்து வாரைக் கட்டினாள். கடைசியாக ஒரு தடவை எட்வினைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நீ போ மக்ளே, தெளிஞ்சதும் திரும்பி வா, நான் கப்பலப் பாத்துக்கேன் என்றார்.

அவள் வார் பூட்டிய சத்தம் கேட்டதும் கேப்டன் நெம்புகோலை இழுத்தார்.

படகு சரிந்து, காற்றில் மிதந்து, கடலில் போய் மோதியது. அந்த அடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்தார்கள்.  யாருக்கும் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. ஒருவன் வாந்தி எடுத்தான். மீரான் கலிமா சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டான். அது தணிகாசலத்தின் விரல் போன கை. தணிகாசலம் விடுவித்துக்கொள்ளவில்லை.

கேப்டன் தன் கையிலிருந்த நெம்புகோலைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“யார் உத்தரவு கொடுத்தது?”

“நீங்கதான் சார்.”

அவர் எழுந்து பின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நீலமேகலை கொஞ்ச தூரத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. சாயாமல் நேராக இருந்தது. வெயிலில் அதன் வெள்ளைக் கட்டடம் பளிச்சென்று தெரிந்தது. எந்தக் குறையும் இல்லாத கப்பல்.

அவர் முகத்தில் தெரிந்த பயத்தை ஜெனோவா அதுவரை யார் முகத்திலும் பார்த்ததில்லை. நல்ல கப்பலைக் கடலில் விட்டுவிட்டு, பனியனோடு படகில் உட்கார்ந்திருக்கும் கேப்டன். அவள் கையிலிருந்த வாக்கிடாக்கியை வாங்கினார். வேண்டாம் சார், அவரை வெளியே குதிக்கச் சொல்லுங்க என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

“எட்வின், நான் சிவசைலம் பேசுதேன். தப்பு நடந்துபோச்சு. நீங்க கப்பல்லயே இருங்க. எஞ்சின நிறுத்துங்க. நாங்க திரும்பி வந்துட்டிருக்கோம்.”

“இதைத்தான் சார் நான் எதிர்பார்த்தேன்,” என்றார் எட்வின். குரலில் சிரிப்பு இருந்தது. “மெதுவா வாங்க. டீ போட்டு வைக்கேன்.”

படகின் மோட்டாரைக் கிளப்பிக் கப்பலை நோக்கித் திருப்பினார்கள். பாதி தூரம் போயிருப்பார்கள். நீலமேகலை இடது பக்கம் சாய்ந்தது. எப்போதும் சாய்கிற அளவுதான். எல்லோரும் அது நிமிரக் காத்திருந்தார்கள். நிமிரவில்லை. உள்ளே ஏதோ உருண்டு ஓடியதுபோல இன்னும் சாய்ந்தது. தளத்தின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது, சரக்கறை மூடிகளின்மேல் ஏறியது. சிவப்பாகக் கப்பலின் அடிவயிறு தெரிந்தது. கேப்டன் வாக்கிடாக்கியில் எட்வின், எட்வின் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. அவர்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எண்ணெயும் சிவப்புக் கலங்கலும் மட்டும் மிதந்தன. இருட்டும்வரை சுற்றிச் சுற்றித் தேடினார்கள்.

வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. சில மாதம் கழித்துச் சென்னையில் விசாரணை நடந்தது.

கம்பெனியின் வக்கீல் சொன்னது எளிமையாக இருந்தது. சரக்கில் குறையில்லை. பட்டைகளைக் கம்பெனி சொன்னபடி பயன்படுத்தாமல் கழற்றியதால் ஆட்களுக்கு மூளைக் குழப்பம் வந்தது. தூக்கத்தில் நடந்த கூட்டம் ஓடிக்கொண்டிருந்த கப்பலைக் கைவிட்டது. கவனிக்க ஆளில்லாததால் கப்பல் கவிழ்ந்தது, ஒருவர் இறந்தார். சாரங்கும் ஃபிட்டரும் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சி சொன்னார்கள். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தோம் என்பதைத் தவிர அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. வக்கீல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

பிறகு கேப்டனைக் கூப்பிட்டார்கள். ஜெனோவா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். கதவு சரியாக மூடவில்லை. அவர் பேசுவது கேட்டது. மழையில் ஏற்றிய மண் கூழாகிக்கொண்டிருந்தது என்றும், கப்பல் சாய்ந்து நிமிரும் விதத்திலிருந்து தனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது என்றும், முழு நினைவோடு தானே கப்பலைக் கைவிட உத்தரவிட்டதாகவும் சொன்னார். அப்படியானால் எஞ்சினியரை ஏன் கப்பலிலேயே இருக்கச் சொன்னீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.  பயந்துட்டேன், நான்தான் அவரைக் கொன்னேன் என்றார்.

வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மிகவும் இளைத்திருந்தார். இனி அவருக்கு எந்தக் கப்பலும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

“ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நீங்க தூங்கிட்டிருந்தீங்க. எனக்குத் தெரியும்.”

“தூங்குறவன் சொல்லுதத எவனும் சாட்சியா எடுத்துக்கிட மாட்டான் செகண்ட். அந்த மண்ணப் பத்தி விழிச்சிருந்தவன் ஒருத்தன் சொன்னாத்தான் எழுதுவாங்க. இல்லன்னா நாளைக்கு இன்னொரு கப்பல்ல அதே மண்ண ஏத்துவாங்க.”

“செய்யாததச் செஞ்சதாச் சொல்லிட்டீங்களே.”

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“சாவிய எடுத்தது இந்தக் கைதானே. தூக்கத்துல செஞ்சது நான் இல்லன்னா, விழிச்சுக்கிட்டுச் செஞ்சது மட்டும்தான் எனக்கு மிச்சம். விழிச்சுக்கிட்டு நான் செஞ்சது எட்வினக் கப்பல்ல இருக்கச் சொன்னது மட்டும்தான்.”

உள்ளிருந்து ஜெனோவாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். கேப்டன் நிமிர்ந்து பார்க்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை.

அபாயமணியை ஏன் அழுத்தவில்லை என்று அவளிடம் முதலில் கேட்டார்கள். கேப்டன் ஏற்கெனவே எல்லோரையும் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார் என்றாள். எஞ்சினியரைக் கூப்பிட்டீர்களா என்றார்கள். கூப்பிட்டேன் என்றாள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள்.

கேப்டன் உத்தரவிட்டபோது விழித்திருந்தாரா என்று வக்கீல் கேட்டார்.

“விழித்திருந்தார்,” என்றாள் ஜெனோவா.